இயற்கை எரிவாயுவில் ஆக்சிஜன் 80 பி.பி.எம்., வரம்பு 10 பி.பி.எம். – எங்கிருந்து தொடங்குவது?

மேற்குடெக்சாஸ்:

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் பெர்மியன் படுகைப் பக்கம் ஒரு காஸ் பிளான்ட்டில் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். நாளைக்குச் சுமார் 40 மில்லியன் கன அடி காஸ் வருகிறது, எல்லாமே எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து வருவது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 2 சதவீதம் சொச்சம். உள்ளே வந்ததும் இந்த இரண்டையும் கழுவி எடுக்கும் அமீன் கரைசல், அடுத்து தண்ணீரை உறிஞ்சும் மோல் சீவ் படுகை, அப்புறம் காஸைக் கடுமையாகக் குளிர்வித்துப் பிரிக்கும் கிரையோ. மீதேன் பைப்லைனுக்குப் போகிறது, ஈத்தேனும் அதைவிடக் கனமானவையும் திரவமாகத் தனியே போகின்றன.

தொல்லை ஆக்சிஜனால். பைப்லைன் ஒப்பந்தத்தில் 10 பி.பி.எம். என்று இருக்கிறது, எங்களுக்கு உள்ளே வருவதே பகலில் 60, 80 என்று நிற்கிறது, ராத்திரியில் சில சமயம் 150-ஐத் தொட்டுவிட்டுக் காலையில் இறங்குகிறது. வால்வை மூடுவோம் என்று பைப்லைன்காரர்கள் எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். அது போதாதென்று அமீன் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது, அதில் வெப்பத்துக்குப் பிரியாத உப்புகள் மாதாமாதம் ஏறுகின்றன. நாலு வருஷம் தாங்கும் என்று போட்ட மோல் சீவ் இரண்டாவது வருஷத்திலேயே சுழற்சி முடியும் முன் தண்ணீரை விட்டுவிடுகிறது.

மேலிடத்தில் இரண்டு யோசனை ஓடுகிறது. ஒன்று, பிளான்ட் வாசலில் மொத்த காஸுக்கும் ஆக்சிஜனை எரித்துத் தீர்க்கும் ஒரு கேடலிஸ்ட் ரியாக்டர் போடுவது. இன்னொன்று, ஒரு கெமிக்கல் விற்பவர் வந்து, ஆக்சிஜனைப் பிடிக்கும் மருந்தைக் குழாயில் ஊசி போல ஏற்றினால் போதும், ரியாக்டரே வேண்டாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை வரவில்லை, ஆனால் ஏன் என்று கணக்கோடு சொல்லத் தெரிந்தால்தானே கூட்டத்தில் பேச முடியும். நூற்றுக்கணக்கான கிணறுகளில் எங்கே காற்று நுழைகிறது என்று எப்படித் தேடுவது? இதே வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அமீன்டவர்:

தம்பி, முதலில் அந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று எடையில் பார்த்துவிடு, பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. 40 மில்லியன் கன அடியில் 80 பி.பி.எம். என்றால் நாளைக்கு 3,200 கன அடி ஆக்சிஜன், எடையில் சுமார் 120 கிலோ. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எடுக்க பாய்லர்காரர்கள் போடும் சோடியம் சல்ஃபைட்டையே எடுத்துக்கொள், ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 8 கிலோ சல்ஃபைட் வேண்டும். நாளைக்கு ஒரு டன்! அதுவும் ஆக்சிஜன் முழுக்க அந்தத் திரவத்துக்குள் போய்க் கரைந்தால்தான். ஆக்சிஜன் தண்ணீரில் கரைவதே குறைவு, ஓடும் காஸில் சில லிட்டர் மருந்தைத் தெளித்தால் காஸ் பாட்டுக்குப் போய்விடும், மருந்து அடுத்த செப்பரேட்டர் அடியில் கிடக்கும், உப்பு மட்டும் உனக்கு மிச்சம். நிலத்தடிக்கு ஏற்றும் இன்ஜெக்ஷன் தண்ணீருக்கு அது அருமையான மருந்து, நானே அதை நம்பித்தான் வேலை பார்த்திருக்கிறேன், காஸுக்கு அது சரிவராது. விற்பவரிடம் இந்த எடைக் கணக்கைக் கேள், எத்தனை கிலோ ஆக்சிஜனுக்கு எத்தனை கிலோ மருந்து என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்.

இப்போது அதே 3,200 கன அடியைக் காற்றாக மாற்று. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஆக நாளைக்குச் சுமார் 15,000 கன அடி காற்று உள்ளே போகிறது. நிமிடத்துக்குப் பத்து கன அடி சொச்சம், 300 லிட்டர். உன் மொத்தக் களத்தின் மொத்தத் தொல்லையும் இவ்வளவுதான். ஒரு டேங்க் மூடியின் ரப்பர் கேஸ்கட் கிழிந்திருந்து உள்ளே லேசான வெற்றிடம் இருந்தால் அந்த ஒன்றே இதைச் செய்துவிடும். நூற்றுக்கணக்கான கிணறு என்று மலைக்காதே. குற்றவாளி ஒன்றிரண்டு இடத்தில்தான் இருப்பான், மற்றதெல்லாம் பிளஸ் பிரஷரில் ஓடுகிற குழாய்கள், அங்கே ஓட்டை இருந்தால் காஸ்தான் வெளியே போகும், காற்று உள்ளே வராது. ஆகவே களத்தில் எந்தெந்த இடத்தில் வளிமண்டலத்துக்குக் கீழே பிரஷர் போகிறது என்று மட்டும் ஒரு வரைபடம் போடு.

நீ ராத்திரியில் ஏறுகிறது என்றாயே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு. கச்சா எண்ணெய் டேங்க்குகள் பகல் வெயிலில் சூடாகி உள்ளே இருக்கும் ஆவி விரியும், ராத்திரி குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது டேங்க் மூச்சை உள்ளே இழுக்கும், மேலே உள்ள வேக்கம் வால்வு வழியாகவோ எண்ணெய் மட்டம் பார்க்க ஆள் திறக்கும் தீஃப் ஹேட்ச் மூடி வழியாகவோ காற்று வரும். அதே நேரத்தில் அந்த ஆவியை உறிஞ்சி காஸ் லைனில் தள்ளும் வி.ஆர்.யூ. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே வந்த காற்று நேராக உன் பிளான்ட்டுக்குத்தான். 2012-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதிப்படி, ஆண்டுக்கு 6 டன்னோ அதற்கு மேலோ கரிம ஆவி விடும் புது டேங்க்குகள் அதில் 95 சதவீதத்தைக் குறைத்தாக வேண்டும். நல்ல விதி, வெளியே போய் எரிந்துகொண்டிருந்த காஸ் விற்பனைக்கு வருகிறது. ஆனால் அதோடு சேர்ந்து, கிட்டத்தட்ட பிரஷரே இல்லாத டேங்க்குகள் எல்லாம் காஸ் லைனோடு இணைந்துவிட்டன, ஆக்சிஜனும் அந்த வழியில் வந்துவிட்டது.

அடுத்து பார்க்க வேண்டியது கிணற்றுத் தலையில் உள்ள சின்னக் கம்ப்ரசர்கள். பழைய கிணறுகளில் பிரஷர் விழுந்துவிட்டால் சக்‌ஷனை வெற்றிடத்துக்கு இழுத்து ஓட்டுவார்கள், பிஸ்டன் தண்டைச் சுற்றி அடைக்கும் ராட் பேக்கிங் தேய்ந்திருந்தால் அங்கேயும் காற்று நுழையும். இந்த இரண்டையும் பார்க்காமல் வாசலில் ரியாக்டருக்கு ஆர்டர் கொடுக்காதே.

காஸ்குரோமோ:

நான் லேப் ஆள், பிளான்ட் டிசைன் எனக்குத் தெரியாது, ஆனால் அளக்கிற விஷயத்தில் சில சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆக்சிஜன் மாதிரி ஏமாற்றும் அளவு வேறு கிடையாது. சுற்றிலும் அதுதான் இருக்கிறது. சாம்பிள் சிலிண்டரை இணைக்கும் ஹோஸில் ஒரு விரல் அளவு காற்று மிச்சமிருந்தால் போதும், 80 பி.பி.எம். அங்கேயே வந்துவிடும். ரப்பர், பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக ஆக்சிஜன் ஊடுருவி உள்ளே வரும், உள்ளே பிரஷர் அதிகமாக இருந்தாலும் வரும், ஏனென்றால் ஆக்சிஜனுக்கு அதன் சொந்தப் பகுதி அழுத்தம்தான் கணக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், உலோக டயாஃப்ரம் உள்ள ரெகுலேட்டர், நீண்ட நேரம் காஸை ஓடவிட்டுக் கழுவுவது, இவை மூன்றும் இல்லாமல் எடுத்த எண்ணை நான் நம்ப மாட்டேன். முடிந்தால் சிலிண்டரில் எடுக்காமல் அந்த இடத்திலேயே கருவியை வைத்து அளங்கள்.

கருவி எது என்பதும் முக்கியம். மலிவான மின்வேதி செல்லில் காரக் கரைசல் இருக்கும், உங்கள் காஸில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் சீக்கிரமாகக் கெடுக்கும். அமில வகைச் செல் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும், சல்ஃபைடுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் வேண்டும். இப்படி ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள காஸுக்கு 760 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆக்சிஜனைப் பார்க்கும் லேசர் அனலைசர் அல்லது ஒளிர்வு மங்குவதை வைத்து அளக்கும் சென்சார் நல்லது.

இன்னொன்று. உங்கள் பைப்லைன்காரர்கள் ஜி.சி. (காஸ் குரோமடோகிராஃப்) வைத்து ஆக்சிஜன் அளக்கிறார்களா என்று கேளுங்கள். அதில் வழக்கமாக உள்ள மாலிக்யூலர் சீவ் பிரிப்புக் குழாயில் சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜனும் ஆர்கானும் ஒன்றாகவே வெளியே வரும், வரைபடத்தில் ஒரே மேடு. காற்றில் ஆர்கான் 0.93 சதவீதம், ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 4.5 சதவீதம் அளவு. நீங்கள் ரியாக்டர் போட்டு ஆக்சிஜனை ஒரு அணு விடாமல் எரித்தாலும் ஆர்கான் எங்கும் போகாது. 80 பி.பி.எம். ஆக்சிஜன் அளவுக்குக் காற்று வந்த காஸில் 3.6 பி.பி.எம். ஆர்கான் இருக்கும், 150 வந்த ராத்திரியில் 6.7. பத்தே பி.பி.எம். வரம்பில் இது சின்ன எண் இல்லை, ரியாக்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சண்டை வரும். லேசர் கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டால் அந்தச் சண்டை தீர்ந்தது.

மூலத்தைத் தேட நைட்ரஜனையும் சேர்த்துப் பாருங்கள். காற்றில் ஆக்சிஜனுக்கு 3.7 மடங்கு நைட்ரஜன். பிளான்ட் வாசலில் இது உதவாது, நிலத்தடியில் இருந்தே காஸில் நைட்ரஜன் 1, 2 சதவீதம் இருக்கும், அதில் இந்த 300 பி.பி.எம். தெரியாது. வி.ஆர்.யூ. வெளிவாயில் பார்த்தால் தெரியும். அதே இடத்தின் செப்பரேட்டர் காஸையும் எடுத்து இரண்டுக்கும் உள்ள நைட்ரஜன் வித்தியாசத்தை ஆக்சிஜனால் வகுங்கள். 3.7 பக்கம் வந்தால் அப்போதுதான் நுழைந்த காற்று. அதைவிடக் கூடுதலாக வந்தால், ஆக்சிஜன் வழியில் சல்ஃபைடோடும் இரும்போடும் சேர்ந்து செலவாகியிருக்கிறது, அல்லது யாரோ கிணற்று வேலைக்கு சவ்வு வழியாகக் காற்றைப் பிரிக்கும் மெம்ப்ரேன் மெஷினில் தயாரித்த நைட்ரஜனைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நைட்ரஜன் பல சமயம் 95 முதல் 99 சதவீதம்தான், மிச்சமெல்லாம் ஆக்சிஜன். இதைக் கேட்க யாருக்கும் தோன்றாது, கேளுங்கள்.

நாமக்கல்பயோ:

சார், உங்கள் 10 பி.பி.எம்.மைப் பார்த்தால் எனக்கு வேறு உலகமாகத் தெரிகிறது. நான் கோழி எச்சத்தில் பயோகாஸ் எடுத்துச் சுத்திகரித்து சிலிண்டரில் அடைக்கும் பிளான்ட்டில் இருக்கிறேன். எங்களுக்கு ஐ.எஸ். 16087 தரப்படி ஆக்சிஜன் 0.5 சதவீதம் வரை போகலாம், அதாவது 5,000 பி.பி.எம். குழாயில் ஏற்ற வேண்டுமென்றால் பெட்ரோலியம் ஒழுங்குமுறை வாரியத்தின் விதியில் 0.2 சதவீதம்.

நாங்கள் ஆக்சிஜனை வேண்டுமென்றே உள்ளே விடுகிறோம். எச்சம் நொதிக்கும் டைஜெஸ்டர் தொட்டியின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று விட்டால் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கந்தகமாக மாற்றிவிடும், சுவரில் மஞ்சளாகப் படியும். கோழி எச்சத்தில் சல்ஃபைடு ஆயிரக்கணக்கான பி.பி.எம். வரும், அதனால் இந்த வழி எங்களுக்குச் செலவில்லாத வழி. காற்றோடு வரும் நைட்ரஜன்தான் அப்புறம் கழுத்தைப் பிடிக்கும், அதை எடுப்பது லேசில்லை. ஆக்சிஜனில் ஒரு பங்கு, கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் மெம்ப்ரேனிலேயே போய்விடுகிறது, கார்பன் டை ஆக்சைடு வேகமாக ஊடுருவும்போது ஆக்சிஜனும் ஓரளவு கூடவே போகும், நைட்ரஜன் மீதேனோடு நின்றுவிடும். தண்ணீரில் கழுவும் முறை வைத்திருக்கும் இடங்களில் நிலைமை தலைகீழ், அந்தத் தண்ணீரைக் காற்றடித்துத்தான் புதுப்பிக்கிறார்கள், தண்ணீரில் கரைந்த காற்று திரும்ப காஸில் வந்து ஏறுகிறது.

ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். யாராவது உங்களுக்கு இரும்பு ஆக்சைடு படுகையைச் சொல்வார்கள். சல்ஃபைடைப் பிடித்த இரும்பு ஆக்சிஜனைச் சாப்பிட்டு மறுபடி ஆக்சைடாகும், கந்தகம் விழும், ஆக்சிஜன் குறைவது உண்மை. ஆனால் அது சூட்டை விடுகிற வினை. பயன்படுத்தி முடித்த படுகையை நனைக்காமல் திறந்தால் காற்று பட்டதும் தானாகப் பற்றிக்கொள்ளும். எங்கள் இடத்தில் மேன்ஹோலைத் திறக்கும் முன் தண்ணீர் நிரப்பாமல் யாரையும் அருகில் விடுவதில்லை, கழிவு மண்ணைக் கொட்டிய பிறகும் ஈரமாகவே வைத்திருப்போம்.

பல்லேடியம்:

நான் கேடலிஸ்ட் பக்கம் வேலை செய்கிறேன், எந்தக் கம்பெனிக்காகவும் இங்கே பேசவில்லை. மேலே அமீன்டவர் அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், இருந்தாலும் சில களங்களில் மூலத்தை எவ்வளவு அடைத்தாலும் கடைசிக் கொஞ்சம் போகாது, அப்போது ரியாக்டர் வேண்டும். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

வாசலில் 40 மில்லியனுக்கும் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மீதேனை 80 பி.பி.எம். ஆக்சிஜனால் எரிக்க அத்தனை காஸையும் முன்னூறு, நானூறு டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், வினையில் வரும் சூடு ஒரு டிகிரிகூட இல்லை, ஆக முழுச் சூட்டையும் ஹீட்டரும் எக்ஸ்சேஞ்சரும்தான் சுமக்க வேண்டும். உங்கள் 200 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்ஃபைடு பல்லேடியத்துக்கு விஷம். அமீனுக்குப் பின்னால் போடலாம் என்றால் அமீன் ஏற்கெனவே ஆக்சிஜனில் நனைந்து கெட்டுவிட்டது. அமீனைக் காப்பாற்ற ரியாக்டர் முன்னால் வேண்டும், ரியாக்டரைக் காப்பாற்ற அமீன் முன்னால் வேண்டும், இந்தச் சிக்கலில் நிறைய பேர் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது அதே ஆக்சிஜனை வி.ஆர்.யூ. காஸில் மட்டும் பிடிப்போம். டேங்க்குகளில் இருந்து வருவது எல்லாம் சேர்த்து நாளைக்கு 1.5 மில்லியன் கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 3,200 கன அடி ஆக்சிஜன் அங்கே 0.21 சதவீதமாக இருக்கும். ஓட்டம் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு அருகில். இந்த காஸில் புரொப்பேன், பியூட்டேன் அதிகம், அவை மீதேனைவிடக் குறைந்த சூட்டில், 250 முதல் 300 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும், அது உங்களுக்கு லாபம். மீதேன் அதிகமுள்ள காஸில் 1 சதவீத ஆக்சிஜனுக்குச் சுமார் 80 டிகிரி ஏறும், கனமான காஸில் அதைவிடக் குறைவு. ஆக உங்கள் 0.21-க்கு 10 முதல் 17 டிகிரி, கையாளக்கூடிய அளவு. ஆனால் யாரோ ஹேட்ச்சைத் திறந்து வைத்துவிட்டுப் போய் ஆக்சிஜன் திடீரென்று 3 சதவீதம் ஆனால் படுகை இருநூறு டிகிரி வரை எகிறும். ஆகவே உள்ளே வரும் ஆக்சிஜன் மீதும் படுகை வெப்பநிலை மீதும் தனித்தனியாகத் தானே நிறுத்தும் டிரிப் வேண்டும், ஒன்றை நம்பி இன்னொன்றை விடக் கூடாது.

சல்ஃபைடை எடுக்க இந்தச் சின்ன ஓட்டத்துக்கு முன்னால் ஒரு படுகை போதும், நாமக்கல்காரர் சொன்ன இரும்புப் படுகையே போடலாம், அதிலேயே கொஞ்சம் ஆக்சிஜனும் போகும், சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சல்ஃபைடைப் பிடிக்கும் ட்ரையசின் மாதிரி திரவ மருந்து போட்டால் துளிகள் கேடலிஸ்ட் மேல் விழாமல் நல்ல செப்பரேட்டரும் ஃபில்டரும் வையுங்கள். கம்ப்ரசர் லூப் ஆயிலும் அப்படித்தான், துளைகளை மூடிக் கரியாக்கிவிடும்.

வெளியே வரும்போது தண்ணீரை மறக்காதீர்கள். எரிகிற ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறக்குறைய ஒரு தண்ணீர் மூலக்கூறு வரும். 0.21 சதவீத ஆக்சிஜன் என்றால் ஒரு மில்லியன் கன அடிக்கு நூறு பவுண்டு தண்ணீர், பைப்லைன்கள் பொதுவாக அனுமதிப்பதோ 7 பவுண்டு. உங்களுக்குப் பின்னால் மோல் சீவ் இருப்பதால் பரவாயில்லை, ஆனால் ரியாக்டர் கூலரில் அந்தத் தண்ணீர் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து அமிலமாகக் குளிரும், அந்தக் கூலரையும் அதன் பின்னாலுள்ள முதல் டிரம்மையும் ஸ்டெயின்லெஸ்ஸில் போடாவிட்டால் இரும்பு தாங்காது. ரெசிட்யூ காஸில், அதாவது கிரையோவில் இருந்து பைப்லைனுக்குப் போகும் மீதேனில், கடைசியில் போடுகிறவர்கள்தான் இந்தத் தண்ணீரால் அதிகம் அவதிப்படுவார்கள், உலர்த்தி முடித்த காஸில் மறுபடி தண்ணீரைச் சேர்ப்பது ஆகிவிடும்.

ஹைட்ரஜன் கிடைக்கிற ரிஃபைனரி என்றால் கதை வேறு. இரண்டு பங்கு ஹைட்ரஜன் சேர்த்தால் பல்லேடியம் நூறு டிகிரிக்கு உள்ளேயே வேலையை முடித்துவிடும். புரொப்பிலீன் மாதிரி திரவங்களில் ஓரிரு பி.பி.எம். ஆக்சிஜனைக்கூட எடுக்க வேண்டும், பாலிமர் கேடலிஸ்ட் அதற்கே செத்துவிடும். அங்கே செம்புப் படுகை போடுவார்கள், செம்பு ஆக்சிஜனைப் பிடித்து ஆக்சைடாகும், அப்புறம் நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து இருநூறு டிகிரி பக்கம் விட்டுத் திரும்பச் செம்பாக்குவார்கள். அதை உங்களுக்கு யாராவது விற்க வந்தால், ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு 4 கிலோ செம்பு வேண்டும், நாளைக்கு 120 கிலோ ஆக்சிஜனுக்கு அரை டன் செம்பு என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மேற்குடெக்சாஸ்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த 300 லிட்டர் கணக்கைக் கூட்டத்தில் பலகையில் எழுதினேன், மருந்துப் பேச்சு அதோடு நின்றது.

ஒரு லேசர் கருவியை வாடகைக்கு எடுத்து ராத்திரியில் வி.ஆர்.யூ. ஒவ்வொன்றாக அளந்தோம். பெரும்பாலானவற்றில் ஆக்சிஜன் இல்லவே இல்லை. ஒரு டேங்க் கூட்டத்தில் மட்டும் பகலில் 0.4 சதவீதம், விடியும் நேரத்தில் 2 சதவீதத்துக்கு மேல். மேலே ஏறிப் பார்த்தால் தீஃப் ஹேட்ச் கேஸ்கட் வெடித்துக் கல்லாகியிருக்கிறது, மூடியைக் கையால் அழுத்தினால் ஆடுகிறது. வி.ஆர்.யூ. நிற்க வேண்டிய பிரஷர் செட்டிங் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் வைத்திருந்தார்கள், டிரான்ஸ்மிட்டர் கொஞ்சம் தவறாகக் காட்டினாலே வெற்றிடத்துக்குப் போய்விடும். நைட்ரஜன் விகிதமும் பார்த்தோம், 3.7-க்கு மிக அருகில், புதுக்காற்றுதான். கேஸ்கட் மாற்றி, செட்டிங்கை உயர்த்தி, பிரஷர் விழுந்தால் பிளான்ட் காஸைக் கொஞ்சம் திரும்ப விட்டு டேங்க்கை நிரப்பும்படி ஒரு ரெகுலேட்டரும் வைத்தாயிற்று. கிணற்றுத் தலைக் கம்ப்ரசர் ஒன்றில் பேக்கிங்கும் மாற்றினோம். இப்போது வாசலில் 15-க்கும் 25-க்கும் நடுவில் நிற்கிறது, ராத்திரி எகிறல் இல்லை.

மீதி இருப்பதை என்ன செய்வது, இன்னும் ஒன்றிரண்டு இடங்கள் தேடலாமா, இல்லை சின்ன ரியாக்டர் போடலாமா? அமீனையும் மோல் சீவையும் இந்த நிலையில் எப்படிக் காப்பாற்றுவது?

அமீன்டவர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. தேடுவதை நிறுத்தாதே, இன்னும் இருக்கிறது. ஒன்றைக் கவனி, வாசலில் 10 வந்தால் போதும் என்று நினைக்காதே. ஆக்சிஜன் கிரையோவில் மீதேனோடுதான் மேலே போகும், திரவத்தில் இறங்காது. காஸில் கால் பங்கு திரவமாகப் பிரிந்துவிட்டால் வாசலில் இருந்த 10, ரெசிட்யூ காஸில் 13 ஆகும். நடுவில் அமீனும் சீவும் கொஞ்சம் தின்பதால் உனக்கு அது தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவை தின்பதுதான் அவற்றின் நோய். ஆகவே இலக்கை 7 என்று வைத்துக்கொள்.

வி.ஆர்.யூ. ஒவ்வொன்றின் வெளிவாயிலும் நிரந்தரமாக ஒரு ஆக்சிஜன் கருவி வை, ஒரு அளவுக்கு மேல் போனால் அந்த காஸ் லைனுக்குப் போகாமல் எரித்துவிடும் ஃபிளேருக்குத் திரும்பட்டும். ரியாக்டர் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. அதைச் செய்து மூன்று மாத எண்களைப் பார்த்துவிட்டு, அப்போதும் ஒரு டேங்க் கூட்டம் விடாமல் தொல்லை கொடுத்தால் பல்லேடியம் சொன்ன மாதிரி அந்த ஒரு ஓட்டத்தில் மட்டும் ரியாக்டர் போடு.

அமீனில் சேர்ந்துவிட்ட ஃபார்மேட், அசிட்டேட், தயோசல்ஃபேட் எல்லாம் ரீபாய்லரில் எவ்வளவு சூடாக்கினாலும் பிரியாது. காஸ்டிக் சோடா ஊற்றினால் அமீன் விடுபட்டது போலத் தெரியும், சோடியம் உப்பாக எல்லாம் உள்ளேயேதான் இருக்கும், நாளடைவில் அடர்த்தி ஏறி நுரைக்கும், பைப் வளைவுகளைத் தின்னும். அயனி மாற்றும் ரெசின் வண்டியையோ வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கும் வண்டியையோ வரவழைத்து ஒருமுறை சுத்தம் செய்துவிடு. பைசின் என்ற அமிலம் எவ்வளவு இருக்கிறது என்றும் லேபில் கேள், எம்.டி.இ.ஏ. வகை அமீன் ஆக்சிஜனில் கெட்டால் அதுவும் வரும், சாதாரண சோதனையில் அது கண்ணில் படாது. ஆக்சிஜனை அடைத்த பிறகு செய், முன்னால் செய்தால் பணம் வீண். அமீன் டேங்க்குக்கு மேல் நைட்ரஜனோ சுத்த காஸோ மூடாக்காக இருக்கிறதா என்று பார், பல பிளான்ட்டில் பம்ப் சக்‌ஷன் வழியாகவே காற்று நுழையும்.

மோல் சீவில் கெடுதல் நடப்பது, பிடித்த தண்ணீரைச் சூடான காஸால் விரட்டும் ரீஜெனரேஷன் சூட்டில். உன் ரீஜென் காஸ் ரெசிட்யூவில் இருந்துதானே வருகிறது, அதிலும் ஆக்சிஜன் உண்டு. 280, 290 டிகிரியில் அந்த ஆக்சிஜன் சீவில் ஒட்டியிருக்கும் கனமான ஹைட்ரோகார்பனை எரித்துத் தண்ணீரும் கரியும் ஆக்கும். அந்தக் கரிதான் உன் சீவின் ஆயுளைத் தின்றது. இப்போதைக்கு சூட்டை 230 பக்கம் இறக்கி, சூடேற்றும் நேரத்தைக் கூட்டிப் பார், படிப்படியாக ஏற்று, ஒரேயடியாக வேண்டாம். சீவ் கொடுத்தவரிடம் அந்தச் சூட்டில் மிச்சத் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கேட்டு, உன் கிரையோ வெப்பநிலைக்கு அது போதுமா என்று பார்த்துவிட்டு இறக்கு. அடுத்த முறை சீவ் மாற்றும்போது மேல் அடுக்கில் இருந்தும் அடி அடுக்கில் இருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து கார்பன் எவ்வளவு என்று சோதிக்கச் சொல். மேலே மட்டும் கறுத்திருந்தால் திரவம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது, இன்லெட் ஃபில்டரைப் பார். அடிவரை கறுத்திருந்தால் அது ஆக்சிஜன் செய்த வேலை.